பூட்டிய கூடமும் பூசணம் பூத்த சோபாவும்

திருவாரூரிலிருந்து தெற்கே புறப்படும் ரயில் திருநெல்லிக்காவல், ஆலத்தம்பாடி ஆகிய சிற்றூர்களைக் கடந்து திருத்துறைப்பூண்டியை வந்தடைகிறது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2019-ஆம் ஆண்டில் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிய தடம் இது. கார்த்திகை மாதத்தில் இவ்வழியே வருபவருக்கு இரு பக்கமும் நீர்தான் தெரியும். சம்பாப் பயிர் நீரில் நிற்கும். வாய்க்கால் எது, வயல் எது என்று பிரித்தறிய இயலாது. மேட்டூரில் திறந்துவிடப்படும் காவிரி, வெண்ணாறாகவும் அதன் கிளைகளாகவும் பிரிந்து பிரிந்து, கடைசியில் வந்து சேரும் கடைமடை நாடு இது. ஊரை ஒட்டி முள்ளியாறு ஓடுகிறது. தென்கிழக்கே அகத்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் நீளும் கிளைப்பாதை 2023-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பாதை வேதாரண்யத்து உப்பளங்களை நோக்கிச் செல்கிறது. தென்மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. மேலே மழை, காலடியில் களிமண், அருகில் கடல் என ஈரம் எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேரும் ஊர் திருத்துறைப்பூண்டி.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் நெல்லைப் பற்றி எழுதுவர். ஆற்றைப் பற்றி எழுதுவர். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, வீட்டுக் கூடத்தில் கிடக்கும் தோல் சோபாவைப் பற்றி! இதற்கும் ஒரு கட்டுரையா என்று சகோதரிகள் புன்னகைக்கக் கூடும். ஆயினும் இந்த ஈரநாட்டில், ஒரு சபராளியின் பல மாதச் சம்பாத்தியம் அந்தச் சோபாவில் அடங்கியிருக்கிறது. அது கண்ணெதிரே அழிந்து போவதை நம் வீடுகளில் அடிக்கடி காண்கிறோம். அழிப்பவர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் அதனைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய நாமேதான்.

தோலை அறிந்த ஊர்

தோலின் குணத்தை இவ்வூர் இன்று நேற்று அறிந்ததன்று. இங்குள்ள பழைமையான சிவாலயத்தில் பஞ்சமுக வாத்தியம் என்னும் ஐம்முகப் பறை உள்ளது. பெரிய உலோகக் குடத்தின் ஐந்து வாய்களிலும் தோல் போர்த்தப்பட்ட இசைக்கருவி அது. திருவாரூரிலும் இங்குமாகச் சில இடங்களில் மட்டுமே அது இன்று எஞ்சியிருக்கிறது. தவிலும் பறையும் இம்மண்ணின் ஒலிகள். நம் சமுதாயத்திலும், ரமலான் மாதத்துச் சஹர் நேரத்தில் தெருத் தெருவாக நடந்து உறங்குவோரை எழுப்பும் பக்கீர்களின் கையில் தாயிரா இருக்கும். அதுவும் தோல்தான்.

மழைக்காலத்தில் அந்தத் தோல் தொய்ந்துவிடும். தட்டினால் 'தொப்' என்று ஒலிக்கும். அனலருகே காட்டினால் மீண்டும் விறைத்து நாதம் கொடுக்கும். கருவியை வைத்திருப்பவர் அதனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூலையில் போட்டுவிடுவதில்லை. காற்றோட்டமான இடத்தில் மாட்டி வைப்பார். இடையிடையே எடுத்துத் தட்டிப் பார்ப்பார். தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை உள்ளே வாங்கும், காற்று உலர்ந்தால் வெளியே விடும் என்பது அவருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். சோபாவாக மாறிய பிறகும் தோல் தோல்தான். இந்த ஒன்றைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

சோபா வந்த வழி

இப்பகுதியின் பழைய வீடுகளில் தோல் இருக்கைக்கு இடமிருந்ததில்லை. திண்ணை, ஊஞ்சல் பலகை, பிரம்பு நாற்காலி, கோரைப்பாய் ஆகியவையே விருந்தாளிக்கு இருக்கையாயின. மரமும் கோரையும் ஈரத்தைத் தாங்கும். நனைந்தாலும் வெயிலில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பிறகு சபர் வந்தது. முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து முன்னோர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1970-களுக்குப் பின் அரபு நாடுகளின் வாசல் திறந்தது. வீட்டின் முகப்பு மாறியது. முற்றம் மூடப்பட்டு ஹாலாயிற்று. அந்த ஹாலின் நடுவே மூவர் அமரும் சோபா ஒன்றும், ஒருவர் அமரும் சோபா இரண்டும் வந்து அமர்ந்தன.

துபாயிலோ ரியாதிலோ முதலாளி வீட்டில் பார்த்த சோபாவைப் போல் நம் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் ரியாதின் காற்று வறண்ட பாலைக் காற்று. அங்கே தோலுக்குள்ள துன்பம் வறட்சி. அது காய்ந்து வெடிக்கும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்பது இயல்பு. இங்கே தோலுக்குள்ள துன்பம் ஈரம். சோபாவுடன் வரும் கையேடு பெரும்பாலும் குளிரும் வறட்சியும் உள்ள நாட்டினருக்காக எழுதப்பட்டது. 'அடிக்கடி எண்ணெய்ப்பசை கொடுங்கள்' என்று அது சொல்லும். அதை அப்படியே இங்கே பின்பற்றினால், பூசணத்துக்கு நாமே விருந்து வைத்தவர்களாவோம்.

ஒரு வீட்டுக் கதவு திறந்தது

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஓர் ஊரில், மார்கழித் தொடக்கத்தில் ஒரு வீட்டைத் திறந்த வேளையில் உடனிருக்கும் வாய்ப்புக் கிட்டியது. வீட்டார் வெளிநாட்டில் இருக்கின்றனர். சாவி பக்கத்துத் தெருவிலுள்ள பெரியம்மாவிடம் இருந்தது. மழை ஓய்ந்ததும் வீட்டைத் திறந்து காற்றாட விடுவது அவர் பொறுப்பு. கதவு திறந்தவுடன் முகத்தில் அடித்தது ஈர மணம். சோபாக்கள் மூன்றும் கடையிலிருந்து வந்த அதே பிளாஸ்டிக் உறையுடன் இருந்தன. அதன்மேல் ஒரு போர்வை வேறு. உறையை விலக்கியபோது, காப்பிக் கொட்டை நிறத் தோலின்மேல் சாம்பலும் பச்சையுமாய்ப் பூசணம் பூத்திருந்தது.

"ஒரு நாள்கூட யாரும் உட்காரலையே, புதுசாத்தானே இருந்துச்சு!" என்று அந்தப் பெரியம்மா திகைத்து நின்றார். அவர் சொன்னதிலேயே காரணமும் இருந்தது. யாரும் உட்காரவில்லை, அதனால்தான்.

பிளாஸ்டிக் உறை வெளியிலிருந்து வரும் தூசியைத் தடுக்கும். அதே உறை உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விடாது. பகலில் சூடேறி, இரவில் குளிர்ந்து, உறைக்குள்ளேயே நீர் வேர்த்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் பல நாள் நீடித்து, காற்றும் ஓடாமல், வெளிச்சமும் இல்லாமல் இருந்தால் பூசணத்துக்கு வேறொன்றும் தேவையில்லை. தோலிலுள்ள கொழுப்பும் அதன்மேல் படிந்த தூசியும் கையழுக்குமே அதற்கு உணவு.

ஊரில் சோபா பழுது பார்க்கும் குஷன் தொழிலாளர் ஒருவரிடம் பேசியபோது, பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் வீட்டுச் சோபாவை விட, பூட்டிய வீட்டுச் சோபாதான் தம்மிடம் மோசமான நிலையில் வருகிறது என்றார். பிள்ளைகள் குதித்தால் ஸ்பிரிங்கும் ஸ்பாஞ்சும் போகும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். தோல் மக்கினால் மாற்ற வேண்டியது சோபாவையேதான்.

இந்தத் தோல் எங்கிருந்து வருகிறது?

ஹஜ்ஜுப் பெருநாளில் நம் வீட்டுக் குர்பானி ஆட்டின் தோலை மதரஸாவுக்கோ ஏழை எளியோருக்கோ கொடுத்துவிடுகிறோம். உரித்த சில மணி நேரத்துக்குள் அதற்கு உப்புத் தடவ வேண்டும். தவறினால் அழுகத் தொடங்கிவிடும். இவ்வாறு உப்பிட்ட தோல்கள் தமிழகத்தின் தோல் பதனிடும் ஊர்களுக்குச் செல்கின்றன. பாலாற்றுப் பக்கத்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேற்கே ஈரோடு, தெற்கே திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம்களின் கல்வி நிலையங்கள் பலவற்றுக்குப் பின்னால் தோல் வணிகத்தின் பொருள் இருக்கிறது.

ஆட்டுத் தோல் மெல்லியது; காலணி, கையுறை, மேலங்கி ஆகியவற்றுக்குச் செல்லும். சோபாவுக்குப் பெரிய பரப்பு தேவை. எனவே மாடு, எருமை ஆகியவற்றின் தோலே அதற்குப் பயன்படும். மூவர் அமரும் சோபா ஒன்றை முழுவதும் தோலாலேயே போர்த்துவதற்கு நான்கைந்து மாடுகளின் தோல் வேண்டும்.

முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாள்கணக்கில் தோலை ஊறவைத்துப் பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை வந்தது. சென்னைக்கருகே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அத்தகைய தோல் ஆலை ஒன்றினால் ஏற்பட்டதுதான். இத்தொழிலுக்கு அறிவியல் துணையாக 1948-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இன்று சோபாத் தோல்களுள் பெரும்பாலானவை குரோமிய முறையில் பதனிடப்பட்டு, மேலே நிறப்பூச்சும் மெல்லிய காப்புப் பூச்சும் பெற்றவை.

இதற்கு ஓர் ஆறு விலை கொடுத்திருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. தோல் ஆலைக் கழிவுகளால் பாலாறும் அதன் கரையோர நிலங்களும் கிணறுகளும் கெட்டன. வேலூர்ப் பகுதிக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை நாட்டில் நிலைநாட்டியது. ஆற்றை நம்பி வாழும் கடைமடை மக்களாகிய நமக்கு, கெட்ட ஆறு என்றால் என்னவென்று பிறர் சொல்லத் தேவையில்லை. உயிரினத்தின் தோல், தொழிலாளியின் உழைப்பு, ஓர் ஆற்றின் நீர், நம் வீட்டுப் பிள்ளையின் சபர் வாழ்க்கை ஆகிய இத்தனையும் சேர்ந்த ஒரு பொருளை ஐந்தாறு ஆண்டுகளில் தெருவோரத்தில் தூக்கி எறிவது வீண்விரயம் அன்றி வேறென்ன?

மார்க்கம் காட்டும் வழி

விலங்கின் தோலைப் பயன்படுத்துவதை நம் மார்க்கம் அருட்கொடையாகவே காட்டுகிறது. கால்நடைகளின் தோல்களிலிருந்து, பயணத்தில் சுமக்க எளிதான கூடாரங்களை மனிதர்க்கு ஏற்படுத்தித் தந்ததை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-ஆம் வசனத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்சை நார் நிரப்பப்பட்ட தோலாக இருந்தது என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். செத்த ஆடு ஒன்று கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்பெறலாமே என்று நபிகளார் கேட்டார்கள். உண்பது மட்டுமே விலக்கப்பட்டது என்றும் விளக்கினார்கள். அன்னை ஸவ்தா (ரலி) அவர்களோ, தம் வீட்டில் இறந்த ஆட்டின் தோலைப் பதனிட்டு, அது நைந்து போகும்வரை பேரீச்சை ஊறிய நீர் வைக்கும் பையாகப் பயன்படுத்தியதைத் தெரிவித்துள்ளார்கள். 'நைந்து போகும்வரை' என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பொருளைப் பயன்படுத்தித் தேய்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

பன்றித் தோல் மட்டும் பதனிடுவதாலும் தூய்மையாவதில்லை என்பது ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நிலையுமாகும். எனவே வெளிநாட்டுச் சோபா வாங்கும்போது, எந்த விலங்கின் தோல் என்று கடைக்காரரிடம் கேட்டறிவது நம் கடமை. பன்றித் தோலில் மயிர்க்கால் துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து முக்கோண வடிவில் தென்படும். மாட்டுத் தோலில் துளைகள் சிறியனவாய்ப் பரவலாக இருக்கும். பூச்சு கனமாக உள்ள தோலில் இது கண்ணுக்குத் தெரியாது என்பதால், ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

தோல்தானா என்று பாருங்கள்

பராமரிப்பைத் தொடங்குமுன் வீட்டில் இருப்பது தோல்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். குஷனின் அடிப்புற ஜிப்பைத் திறந்து உறையின் உட்புறத்தைப் பாருங்கள். நார் நாராய் மெத்தென்று இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் அது ரெக்ஸினோ, தோல் தூளைப் பசையிட்டு ஒட்டிச் செய்த போலியோ ஆகும். பல சோபாக்களில் அமரும் பகுதி மட்டும் தோலாகவும் பக்கங்களும் முதுகும் ரெக்ஸினாகவும் இருக்கும். ஆகவே ஓரிடத்தைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது.

போலித் தோலின் மேலுள்ள பாலியூரித்தேன் பூச்சை ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிதைத்துவிடும். நம் பகுதியில் சில ஆண்டுகளிலேயே அது செதில் செதிலாக உரிந்து, உட்கார்ந்து எழுபவரின் உடையில் ஒட்டும். உரியத் தொடங்கிய பின் எந்தக் களிம்பாலும் அதைத் தடுக்க முடியாது. குஷன் கடையில் கொடுத்து வேறு உறை தைத்துக்கொள்வதே வழி. விலை மலிவு என்று 'தோல்' எனும் சொல்லை நம்பி ஏமாறுவதை விட, நல்ல பருத்தி உறையிட்ட மரச் சோபா நம் மண்ணுக்கு எவ்வளவோ பொருந்தும்.

ஈரநாட்டுக்கான பராமரிப்பு

முதல் வேலை, பிளாஸ்டிக் உறையை அப்புறப்படுத்துவது. தூசிக்குப் பயந்தால் பருத்தித் துணியைப் போர்த்துங்கள். அது காற்றை விடும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்; மழைக்காலத்தில் சுவரே ஈரத்தைக் கக்கும். சன்னல் வெயில் நேராக விழும் இடமும் ஆகாது. சித்திரைக் கத்திரி வெயில் நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். மழை இல்லாத நேரத்தில் சன்னலைத் திறந்து, நாளும் ஒரு மணி நேரமாவது மின்விசிறியைச் சுழல விடுங்கள்.

வாரம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பழைய வெள்ளைக் கைலித் துணி இதற்கு மிக ஏற்றது. தையல் இடுக்குகளில் மென்மையான பிரஷ் போதும். அங்கே தங்கும் பலகாரத் துணுக்கு எலியையும் எறும்பையும் அழைக்கும். மாதம் ஒருமுறை, நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அழுக்கு மிகுந்தால் குழந்தைகளுக்கான மென்மையான சோப்பின் நுரையை மட்டும் தொட்டுத் துடைக்கலாம். துணி சோப்புத்தூள், பாத்திரம் துலக்கும் சோப்பு, பினாயில், பிளீச்சிங் ஆகியவை காப்புப் பூச்சை அரித்துவிடும்.

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தோலுக்கு மருந்தென்று பலர் நம்புகின்றனர். வேண்டாம்! அவை கறுப்பேற்றும், சிக்கு வாடை வீசும், பூசணத்துக்கும் இரையாகும். தோலுக்கென்று விற்கும் களிம்பை மாசி மாதத்தில், காற்று உலர்ந்திருக்கும்போது, மெல்லியதாக ஒருமுறை பூசித் துடைத்தால் போதும். பூச்சுள்ள தோலில் அது ஆழமாக இறங்குவதுமில்லை. அழுக்ககற்றுவதே அதற்குப் பெரிய பராமரிப்பு.

நம் வீடுகளுக்கே உரிய சில கறைகள் உண்டு. எண்ணெய் தேய்த்த தலையைச் சாய்க்கும் இடம் நாளடைவில் கறுத்து, பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். அவ்விடத்தில் துவைக்கத் தக்க துணியை விரித்து வைத்தால் தப்பிக்கலாம். பிரியாணி நெய் சிந்தினால் நீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, முகப்பவுடரைத் தூவி இரவு முழுதும் விட்டு, காலையில் துடைத்தெடுங்கள். தேநீர் சிந்தினால் உடனே ஒற்றுங்கள், தேய்த்தால் பரவும். நிக்காஹ் வீட்டில் பன்னீர் தெளிக்கையில், பூச்சற்ற மென்தோலாயின் துளித் துளியாய்த் தடம் விழும். எல்லாவற்றிலும் கொடியது மருதாணி! அது கையைச் சிவக்கச் செய்வது போலவே தோலையும் சிவக்கச் செய்யும், பிறகு போகாது. பெருநாள் இரவில் மருதாணியிட்ட பிள்ளைகளைப் பாயில் அமர்த்துவதே அறிவுடைமை. வியாழன் மாலைச் சாம்பிராணிப் புகையும் தோலின்மேல் மெல்லிய பிசினாய்ப் படியும்; மறுநாள் ஒரு துடைப்பு துடைத்துவிடுங்கள்.

வெண்மையாய் ஏதேனும் பூத்தால் அது பூசணம்தானா என்று முதலில் பாருங்கள். பஞ்சு போல் எழுந்து, முடைநாற்றம் வீசினால் பூசணம். உள்ளங்கையின் சூட்டில் மறைந்தால், தோலினுள் இருந்த கொழுப்பு மேலே வந்திருக்கிறது, துடைத்தால் போதும். ஈரத்துணியில் கரைந்தால் உப்பு.

பூசணமாயின் சோபாவை வெளித் திண்ணைக்குக் கொண்டு செல்லுங்கள். உள்ளேயே தட்டினால் அதன் விதைகள் வீடெங்கும் பரவும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு உலர்ந்த பிரஷால் தட்டியெடுத்து, சோப்பு நுரையால் துடையுங்கள். மீண்டும் பூத்தால், நிறமற்ற சிர்க்காவுடன் சம அளவு நீர் கலந்து, முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்த்து, நிறம் போகவில்லையென்றால் மற்ற இடங்களிலும் துடைக்கலாம். பிறகு நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் அருகில் இருக்கலாகாது.

புயலும் வெள்ளமும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலை இவ்வட்டாரம் மறக்காது. தென்னை சாய்ந்தது, ஓடுகள் பறந்தன, கூரை இழந்த வீட்டுக்குள் மழை நேரே பெய்தது. அத்தகைய நாளில் உயிரும் உணவும் முதலில். சோபாவுக்குக் கடைசி இடம்தான். ஆயினும் ஓய்ந்தபின் நனைந்த தோலை வெயிலில் போடுவது பொதுவாகச் செய்யப்படும் தவறு. நனைந்த தோல் சூட்டில் சுருங்கி விறைக்கும், சுருங்கியது திரும்பாது. நீரை ஒற்றியெடுத்து, குஷன்களைக் கழற்றித் தனியே நிறுத்தி, நிழலில் விசிறிக் காற்றில் மெல்ல உலர்த்த வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பாஞ்சு உலராவிட்டால் தோலும் உலராது. ஐப்பசிக்கு முன்பே சோபாவின் கால்களுக்கடியில் மரக்கட்டைகளை வைத்து உயர்த்திவிடுவது, தாழ்வான தெருக்களில் உள்ளோர்க்கு நல்ல முன்னேற்பாடு.

வீடு பூட்டியிருக்குமாயின் வேறு வழியில்லை: சாவியை வைத்திருக்கும் உறவினர் மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை வந்து, கதவைத் திறந்து, விசிறியைப் போட்டு, அரை மணி நேரம் அச்சோபாவிலேயே அமர்ந்திருக்கட்டும்! சிறு பொட்டலத்தில் வரும் ஈரம் உறிஞ்சும் மணிகள் பீரோவுக்கு உதவும், கூடத்துக்குப் போதா.

நான்காவது விரிப்பு

ஒரு வீட்டில் கணவருக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒரு விரிப்பு, விருந்தாளிக்கு ஒரு விரிப்பு இருக்கலாம். நான்காவது ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தேவைக்கு மிஞ்சிப் பெருமைக்காகச் சேர்ப்பதையே இது கண்டிக்கிறது என அறிஞர் விளக்குவர். விருந்தாளிக்கென்று வாங்கி, விருந்தாளி வந்தாலும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, பூட்டிய கூடத்தில் பூசணம் பூக்க விட்டிருக்கும் சோபா இவற்றுள் எந்த விரிப்பு என்பதை அவரவர் இல்லத்தில் அவரவரே எண்ணிப் பார்க்கட்டும்.

கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் ஒவ்வொரு பொருளும் நம்மிடமுள்ள அமானத். அதனைப் பூட்டி வைப்பதால் அது காக்கப்படுவதில்லை என்பதைத் திருத்துறைப்பூண்டியின் ஈரக்காற்று ஆண்டுதோறும் கற்பிக்கிறது. உறையை எடுங்கள், சன்னலைத் திறங்கள், பக்கத்து வீட்டு மூதாட்டியை அழைத்து அமரச் செய்யுங்கள். நாளும் மனிதர் அமர்ந்து எழும் வீட்டில் பூசணத்துக்கு இடமில்லை. இருப்பதைப் பயன்படுத்தி, பயன்படுத்துவதைப் பேணி, பிறரோடு பகிர்ந்து வாழும் பரக்கத்தை வல்ல அல்லாஹ் நம் இல்லங்கள் அனைத்துக்கும் அருள்வானாக! ஆமீன்.